மதில் தாண்டி வந்த பை

துடியலூரில் என் வீட்டு மதிலைத் தாண்டித் தினமும் ஒரு குப்பைப் பை வந்து விழும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால், "ஏனுங்க, நானெதுக்குங்க போடறேன்?" என்பார். பழிவாங்க நேரம் பார்த்திருந்தேன்.

நான் பாடம் நடத்தும் ஆறாம் வகுப்பில் தொல்லியல் பாடம் வந்தது. அன்று விழுந்த பையை வகுப்புக்கே எடுத்துப்போய், செய்தித்தாளை விரித்துக் கொட்டினேன்.

"தொல்லியல்காரங்க மிச்சம் மீதிய வெச்சே ஆளைச் சொல்லிருவாங்க. இது எப்படிப்பட்ட ஆளு?"

'அழுக்குப் பிடித்த ஆள்' என்று பிள்ளைகள் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

கையுறை மாட்டிக் கிளறிய ஒருத்தி சொன்னாள்: "சாப்பாட்டுப் பார்சலெல்லாம் ஒரு ஆளுக்குத்தானுங்க மிஸ். மாத்திரை அட்டையப் பிரிக்கவே இல்லீங்க. பாத்துக்க ஊட்டுல யாருமில்லைங்க."

மறுநாளும் பை விழுந்தது. அவிழ்த்துப் பார்த்துவிட்டு, மதிலுக்கு மேல் எட்டிக் கத்தினேன்:

"ஏனுங்க, குப்பையைப் போட்டுத் தொலைங்க. மாத்திரைய முழுங்கிப்போட்டு அட்டைய மட்டும் போடுங்க!"