பெர்மிட் வாங்காத பாடை

அந்த யோசனை எனக்கு வந்தது, பாலோ ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் கோப்பிக் கடையில். பறை அடிப்பவர் பெஞ்சில் குந்தியபடி கடைக்காரரிடம் அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என் மேளம் போலீஸ் டேசன்ல கெடக்குதுங்க. மாத்தா மாத்தா, அந்த போலீஸ்காரன் வந்து, கேசுக்கு வேணும்னு தூக்கிட்டுப் போயிட்டான். மாதா திருநாள் வருது. சப்பரத்துக்கு முன்னாடி நான் என்னத்த அடிக்கறது, என் வயித்தயா?"

"உன் வயிறு நல்லாத்தான் சத்தம் குடுக்கும், காலியாத்தான இருக்கு" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நான் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். போலீஸ் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பறைதான் போன வருஷம் எங்கள் மாதா சப்பரத்துக்கு முன்னால் முழங்கியது. அதே சாலை. அதே ஆள். அன்றைக்கு இதே போலீஸ் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற ஒருவரின் மனைவி காய்ச்சலில் இறந்துபோனாள். காய்ச்சலோடுதான் விடியற்காலைப் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றிருக்கிறாள். மயங்கி விழுந்த பிறகு, குளுவாங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கேட்டார் கணவர். லாரி இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். லாரி ஆபீஸுக்குப் பின்னால்தான் நின்றது. மறுநாள் பாடை கிளம்பியது. தொழிலாளர் லயத்து ஜனம் பாதிக்குமேல் பின்னால் வந்தது. தோட்ட ஆபீஸ் வாசலில், பொதுச் சாலையில், கணவர் பாடையை இறக்கி வைக்கச் சொன்னார்.

"இவள காய்ச்சல் கொல்லல. லாரிய வச்சுக்கிட்டு இல்லன்னு சொன்னீங்களே, நீங்கதான் கொன்னீங்க."

இவ்வளவுதான் பேச்சு. பிறகு பாடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அவரைப் பிடித்தார்கள். குற்றப்பத்திரிகையில் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பெர்மிட் இல்லாமல் மேளத்தோடு ஊர்வலம் போனது, சாலையை மறித்தது. அவ்வளவே.

ரப்பர் விலை விழுந்த நாளிலிருந்து, வேண்டாத ஆட்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்புவது இங்கே சாதாரணமாகிவிட்டது. ஜெயிலுக்குப் போனவன் என்றால் இன்னும் எளிது. அவருக்கு ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறது. அவர் கப்பலேறினால் அது அப்பாவும் இல்லாததாகிவிடும்.

நான் ஜொகூர் பாருவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு, வேலை கிடைக்காமல், அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் சுற்றிக்கொண்டிருந்தவன். யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் கூப்பிடுவதற்குள் போய் நிற்பேன். அன்றைக்கும் கடையிலிருந்து நேராக லாக்கப்புக்கு ஓடினேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அந்தக் கணவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மேளக்காரர போலீஸே சாட்சியா கொண்டுவராங்க. அவர்கிட்ட நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க. மாதா ஊர்வலத்துக்கும் நீதான அடிச்சேன்னு. அதுக்குப் பெர்மிட் இருந்துச்சான்னு."

"கேட்டா?"

"ஒரே சட்டம், ஒரே ரோடு. அவங்கள ஏன் பிடிக்கலன்னு போலீஸ் பதில் சொல்லியே ஆகணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "படிச்ச தம்பி சொல்றீங்க. எம் புள்ள இன்னிக்கு சாப்புட்டுச்சான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் உபதேசியார். சப்பரத்துக்கு முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போகிறவர் அவர்தான். பெர்மிட் வாங்கியதில்லை என்று அவர் ஒரு வார்த்தை கோர்ட்டில் சொன்னால் போதும் என்றேன்.

"டேய், உனக்குப் புத்தி கித்தி இருக்கா? நம்ம திருநாளையே நான் போய்க் காட்டிக் குடுக்கணுமா?"

"காட்டிக் குடுக்கறது இல்லப்பா, உண்மையச் சொல்றது."

"குவார்ட்டர்ஸ விட்டுப் போகச் சொன்னா உன் உண்மையில போய்ப் படுத்துக்கலாமா?" என்று கேட்டார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நானும் அந்த ஆபீஸ் எதிர்ல ரயில் கேட்டுக்கிட்ட நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அவன் சொன்னத நானும் கேட்டேன். அதுல பொய் ஒண்ணும் இல்ல. அதனாலதான்டா எனக்குப் பயம்."

குளுவாங் கோர்ட்டுக்கு அப்பா வரவில்லை. இறந்தவளின் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேளக்காரர் கூண்டில் ஏறினார். அவர் முன்னால் மேசைமேல் அவருடைய பறை, அதன் தோள்வாரில் ஒரு சீட்டு கட்டியபடி. இது உன்னுடையதா, நீ அடித்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாம், ஆமாம். அடுத்து குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்தபடியே கேட்டார்.

"மாதா சப்பரத்துக்கும் நீங்கதான அடிச்சீங்க?"

"பின்ன? வருசா வருசம் நாந்தான். அதே மேளம், அதே ரோடு. மாதாவுக்கு அடிச்சேன், வேட்டி குடுத்தாங்க. செத்த இந்தப் புள்ளைக்கு அடிச்சேன், சம்மன் குடுத்தாங்க."

கோர்ட்டில் தமிழ் தெரிந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். நான் எழுந்து நின்று, சப்பரத்துக்குப் பெர்மிட் வாங்கவில்லை, நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவன், சத்தியம் செய்து சொல்கிறேன் என்று ஆங்கிலத்திலேயே கத்தினேன். மாஜிஸ்டிரேட் கோபப்படக்கூட இல்லை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, உட்காரும்படி கையைக் காட்டினார். பிறகு குற்றம் சாட்டப்பட்டவரிடம் திரும்பினார். வேறு ஊர்வலங்களைப் பற்றி இங்கே வழக்கு இல்லை. இந்த ஊர்வலத்துக்குப் பெர்மிட் இருந்ததா?

"எம் பொண்டாட்டி செத்துட்டாங்க. பெர்மிட் வாங்கிட்டா சாவணும்?"

மொழிபெயர்ப்பாளர் அதை 'இல்லை' என்று ஒரே சொல்லில் சொன்னார். அதோடு வழக்கு முடிந்தது. சிறை. தண்டனை முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடச் சிபாரிசு என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நீட்டினார். அது முன்கூட்டியே எழுதித் தயாராக இருந்த தாள்.

வெளியே அக்கா என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் கோயில் வாசலில் நின்றார். அப்பாவிடம் சிரித்த முகத்தோடு, உங்கள் மகனே கோர்ட்டில் சொல்லிவிட்டான், இந்த முறை பெர்மிட் வாங்கிவிடுங்கள் என்றார். கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "மாதா மேலயே கேசு குடுத்தவன்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் கும்பிடு போட்டு, "ஐயா வக்கீல்தொரை, எங்க வீட்டுக் கல்யாண ஊர்வலத்தயும் கொஞ்சம் மாட்டி விடுங்க" என்றான்.

மறுநாள் அப்பாவுக்குத் துணையாக நானும் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. ஊர்வலம் எதற்காக, வழியில் என்ன பேசப்படும் என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. அப்பா 'செபம்' என்றார். நான் எழுதினேன். உள்ளே கொண்டுபோன காகிதம், நாங்கள் பெஞ்சில் உட்காருவதற்குள் முத்திரையோடு திரும்பி வந்தது.

அந்த முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் காகிதத்தில் செபம். ஜெயிலில் இருப்பவர் மனு போட்டிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? லாரி. செத்த பெண். அதற்கு முத்திரை விழுந்திருக்குமா? பெர்மிட் வாங்கவில்லை என்று தண்டித்தார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று யாரும் கேட்கவில்லையே! நானும் கேட்கவில்லை.

அன்று மாலையே லயத்துக்கு ஓடினேன். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி தோட்ட ஆபீஸ் ஆள் வந்துவிட்டுப் போயிருக்கிறான்.

"அக்கா, உங்க தங்கச்சி நினைவா அதே ரோட்டுல ஒரு ஊர்வலம் போக நாம பெர்மிட் கேப்போம். என்ன பேசப்போறோம்னு அவர் சொன்னதையே அப்படியே எழுதுவோம். குடுத்தா, அதே எடத்துல நின்னு அதையே சொல்லலாம். குடுக்கலன்னா, அவங்க பிடிச்சது மேளத்த இல்ல, பேச்சத்தான்னு ஆயிடும். அத மேல்மனுவோட வைக்கலாம். இன்னும் கெடு இருக்கு."

"போன தடவையும் இப்படித்தான் கண்ணு பளபளக்கச் சொன்னீங்க, தம்பி."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"யார் பேருல கேக்கறது?"

"என் பேருல. தோட்டத்துல உங்க பேரு அடிபடக் கூடாது."

"உங்களுக்கு யாரு செத்தா? எந் தங்கச்சி செத்தா. என் பேரப் போடுங்க. வீட்ட விட்டுத்தான் போகச் சொல்லிட்டாங்களே, இதுக்கு மேல என்ன செய்வாங்க?"

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவளையும் கப்பலேற்றலாம். அப்போது அந்தக் குழந்தை யாரிடம் இருக்கும்? இதை அவளிடம் சொன்னேன், மறைக்கவில்லை. அவள் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். என்ன பேசப்படும் என்ற இடத்தில் அவர் சொன்ன வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறேன். கீழே அவளுடைய கட்டைவிரல் ரேகை. அப்பா அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நாளைக் காலையில் அவளும் நானும் போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம். வாங்க மறுத்தால் மறுத்ததற்குக் காரணம் எழுதித் தரச் சொல்லி நிற்பேன். எழுதித் தரவும் மாட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் மத்தியான ரயிலில் குளுவாங் போய், அந்த மாஜிஸ்டிரேட்டின் வாசலிலேயே இதே காகிதத்தை நீட்டுவோம்.