லிபுஷேயின் நிலவறைச் சுவர்

பாதித் தலைக்குச் செம்புச் சாயம் பூசியிருந்த நிலையில், தூரிகையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு லிபுஷே நிலவறைக்கு இறங்கிப் போய்விட்டாள். நாற்காலியில் இருந்த ஸ்தென்கா கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். ஒரு பக்கம் செம்பு, மறுபக்கம் சாம்பல். தபால் அலுவலகத்தில் காலமெல்லாம் முத்திரை குத்தி ஓய்ந்தவள் அவள். இந்த முடி அலங்காரக் கடைக்கு வருகிற எல்லோரையும்போல அவளுக்கும் இது பழகிப்போன விஷயம்தான். கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“என்னடி, மறுபடியும் உன் ஆளைப் பாக்கப் போயிட்டியா? ஒரு நாளாவது அவனை மேல கூட்டிட்டு வாயேன், நாங்களும் பாக்கறோம்.”

அந்த ஆள் ஒரு விரிசல். சமையலறைக்கு நேர் கீழே, நிலவறையின் ஆற்றுப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதன் குறுக்கே லிபுஷே பிளாஸ்டரைக் குழைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு வைத்திருக்கிறாள். பட்டை முழுசாக இருந்தால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பட்டை பிளந்துவிடும். காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பாள், கடையைச் சாத்தியதும் பார்ப்பாள். மழை பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு தலைக்கும் நடுவில் போய்ப் பார்ப்பாள். இப்போது மூன்றாவது நாளாக மழை.

வீட்டின் முன்னறைதான் கடை. வாசலைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் கரை, கரைக்கு அந்தப் பக்கம் மொராவா ஆறு. கடையில் பிளக் சொருகும் இடங்கள் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கும். தரையில் கம்பளம் கிடையாது. இரண்டு பேர் தூக்க முடியாத எந்தச் சாமானையும் அவள் வாங்குவதில்லை. கல்யாணப் படம் மாடியில்தான் தொங்குகிறது. வெள்ளம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. “அது வந்தா”, “அது வந்த வருஷம்” என்பாள், ஏதோ கடன்காரச் சொந்தக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல.

இன்னொரு வழக்கமும் உண்டு. தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்க்காமல் யார் தலையிலும் ஊற்ற மாட்டாள். கொஞ்சம் சூடு, கொஞ்சம் தணிவு, மறுபடி கொஞ்சம் சூடு என்று குழாயைத் திருகிக்கொண்டே இருப்பாள். அவசரக்காரர்கள் பல்லைக் கடித்தபடி காத்திருப்பார்கள். “குதிரையைக் குளிப்பாட்டச் சொன்னாலும் இவ கையில விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துவா” என்று அவள் கணவர் யாரோமிர் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

யாரோமிர் சிரிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் அதைத் தொண்ணூற்றேழு என்று மட்டும் சொல்வார்கள். அந்த வருஷம் ஜூலையில் ஆறு தெருவுக்குள் வந்து, நிலவறையை நிரப்பி, முழங்கால் உயரத்துக்கு வீட்டுக்குள்ளும் நின்றுவிட்டுப் போனது. போனபின் நல்ல வெயில். தீயணைப்புக்காரர்கள் தெருவில் அண்டா வைத்து சூப் ஊற்றினார்கள். பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது இளவட்டமாக இருந்த யாரோமிர் எங்கேயோ ஒரு பம்பு இரவல் வாங்கி வந்து, தெருவிலேயே முதல் ஆளாகத் தன் நிலவறையை ஒரே நாளில் இறைத்துத் தள்ளினார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

லிபுஷே சூப்புத் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே ஊறுகாய் ஜாடியின் மூடி திறந்துகொள்வதுபோல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். சுவர் உள்ளே வாங்கிக்கொண்டு விழுந்தது, சமையலறைத் தரை அடுப்போடு கீழே இறங்கியது. வெளியே மண் இன்னும் குடித்த தண்ணீரோடு கனத்துக் கிடக்கிறது, உள்ளே இருந்த தண்ணீர்தான் சுவரை இதுவரை தாங்கிக்கொண்டிருந்தது என்று தீயணைப்புக்காரர் ஒருவர் அதற்குப் பிறகுதான் விளக்கினார். காப்பீட்டுக் கம்பெனி அதையே வேறு விதமாகச் சொன்னது: சுவரைத் தள்ளியது வெள்ளம் இல்லை, உங்கள் பம்பு. காசு வரவில்லை. சுவரை அவர்களே எடுத்துக் கட்டினார்கள். புதுச் சுவரும் பழைய சுவரும் சேரும் இடத்தில்தான் அந்த விரிசல்.

இப்போதைய காப்பீடு ஹினெக் போட்டுக் கொடுத்தது. பல் முளைக்காத வயதிலிருந்து லிபுஷேயிடம் முடி வெட்டிக்கொள்கிற பையன், இன்று வேறொரு கம்பெனியின் முகவர். அவன்தான் வெள்ள வரைபடத்தைத் திரையில் காட்டினான். ஒன்று முதல் நான்கு வரை மண்டலங்கள். நான்காம் மண்டலத்து வீட்டுப் பக்கம் எந்தக் கம்பெனியும் தலைவைத்துப் படுக்காது. அவள் வீடு மூன்றில் இருந்தது. அக்கரையில் ஒரு பச்சைத் திட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். பீட்ரூட் வயல் என்றான் ஹினெக்.

“வயலா? அங்க மேசை நாற்காலி விக்கிற கடை வந்து எத்தனை வருஷமாச்சு? மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டானுங்கடா. முன்னெல்லாம் ஆறு பெருகினா அந்த வயல்ல போய்ப் படுக்கும். இனி எங்க போய்ப் படுக்கும்?”

“படத்தை இன்னும் மாத்தலக்கா. மாத்தினா உங்க வீடு நாலாயிடும். சத்தம் போடாம கையெழுத்தைப் போடுங்க.”

போட்டாள். அன்றிலிருந்து அவள் பயம் இரட்டிப்பாகிவிட்டது. எதிர்க்கரையைப் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கடையின் கார் நிறுத்தும் மேட்டில் மோதித் திரும்புகிற தண்ணீர் தன் சமையலறையைத் தேடி வருவது அவளுக்குத் தெரியும். காப்பீட்டுப் பத்திரத்தில் இரண்டு வரிகள் அவளுக்கு மனப்பாடம். ஆறு கரை தாண்டி வந்தால்தான் அது வெள்ளம். நிலத்தடியில் ஊறி வந்து சுவரை அழுத்துவது வெள்ளம் ஆகாது. இரண்டாவது, உரிமையாளர் தாமே உள்ளே விட்ட தண்ணீருக்குக் கம்பெனி பொறுப்பில்லை.

கீழே போனவள் இன்னும் வரவில்லை. வெளியே கம்பத்து ஒலிபெருக்கியில் நகராட்சியின் வழக்கப்படி முதலில் ஒரு போல்கா போட்டார்கள். அந்தத் துள்ளல் இசை முடிந்ததும் ஒரு குரல் இரண்டாம் நிலை எச்சரிக்கை என்றது. மூன்றாவதுதான் ஆபத்து நிலை. ஸ்தென்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

லிபுஷே மேலே வந்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு சில்லு ஒட்டியிருந்தது.

“பட்டை பொளந்துருச்சு” என்றாள்.

ஸ்தென்காவின் தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, சாயத்தைக் கழுவினாள். மறுபாதியை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி ஒரு துண்டைச் சுற்றி அனுப்பிவைத்தாள். ஸ்தென்கா பணம் எடுத்தாள், லிபுஷே பார்க்கவே இல்லை.

பிறகு ஹினெக்கைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நிலவறையில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெளியே மண் ஊறிப்போய்ச் சுவரைத் தள்ளுகிறது, நான் குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். விட்டால் கீழே நனைகிற எதற்கும் காசு வராது, நாளைக்கு ஆறு வந்தாலும் எது யார் தண்ணீர் என்று வழக்கு வரும் என்றான். ஆறு கரை தாண்டும்வரை பொறுத்திருந்தால் எல்லாக் காசும் கிடைக்கும் என்றும் சொன்னான். அதற்குள் சுவர் விழுந்தால் என்று கேட்டாள். அதற்கும் கிடைக்காது என்றான். பிறகு, தான் இதைக் கேட்கவில்லை, தன்னிடம் சொல்லவும் வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

யாரோமிர் நிலவறைக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். கீழே விளக்குக்குப் போகிற மின்சாரத்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். இத்தனை வருஷமாக அவர் அந்த வீட்டில் ஓர் ஆணியைக்கூடப் பத்திரத்தைப் பார்க்காமல் அடித்ததில்லை.

“வேண்டாம் லிபுஷே. நம்ம கையால எதையும் செய்ய வேண்டாம். ஒரு தடவை செஞ்சு பட்டது போதும். இந்தத் தடவை என்ன பண்ணினாலும் ஆறே பண்ணட்டும்.”

“அன்னிக்கு நீங்க வெளிய எடுத்தீங்க. நான் உள்ள விடப்போறேன்.”

“காசு வராது.”

“எனக்குத் தெரியுங்க. எனக்குப் பயமா இருக்கு. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது.”

இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றி அவள் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. யாரோமிர் கதவிலிருந்து கையை எடுத்தார். டார்ச் விளக்கோடு கீழே போய் முதலில் உருளைக்கிழங்கு மூட்டையையும், அப்புறம் வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து வைத்தார். கடைசி ஜாடியை வைத்துவிட்டு, தோட்டத்து ரப்பர் குழாயைச் சுருளோடு கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

தலை கழுவும் தொட்டியின் குழாயில் அதன் ஒரு முனையை லிபுஷே மாட்டினாள். வெளியே மறுபடியும் போல்கா ஆரம்பித்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு நிலவறைப் படிக்கட்டின் மேல்படிக்கு வந்தாள். ரப்பர் குழாய் துள்ளித் தண்ணீரைக் கக்கியது. அதைக் கீழே விடுவதற்கு முன் தன் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.

குழாய் முனையை யாரோமிர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய், வெந்நீரைக் கொஞ்சம் திருகிவிட்டு வந்தாள்.