நாலாம் மேசையில் பேர்லின்

இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரர் என்று நினைத்துத்தான் அவர்களை ஒரே மேசையில் இருத்தினேன். என் ஆயுளில் நான் செய்த மடத்தனங்களில் அதற்கு நல்ல இடம் உண்டு.

ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நான் பராமரிப்பு உதவியாளன். முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவது, கால்மேசு போட்டுவிடுவது, மாத்திரையை விழுங்கினார்களா அல்லது பூச்சாடிக்குள் போட்டார்களா என்று பார்ப்பது எல்லாம் என் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரை எங்கே இருத்துவது என்பதும் என் தலையில்தான். போன இலையுதிர்காலத்தில் புதிதாக ஒரு ஐயா வந்தார். எண்பத்தேழு வயது. மகள் இந்த ஊரில் இருப்பதால் இங்கே வந்தவர். படிவத்தைப் பார்த்தேன். பிறந்த இடம், பேர்லின். நாலாம் மேசையில் தனியாக இருந்து சாப்பிடும் அம்மாவும் பேர்லினில் பிறந்தவர், அதே வயது. எங்கள் ஆட்களில் ஒரே ஊர்க்காரர் இருவரைக் கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருத்திவிட்டால் போதும். யாருடைய வளவு, யாருடைய மச்சான் என்று சோறு ஆறும்வரை கதைப்பார்கள். பேர்லின்காரரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பினேன்.

சூப் வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது.

அவர்கள் கதைத்தது ஜேர்மன் மொழி. முப்பது வருடமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் சண்டை என்று வந்தால் என் காதுக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.

"ரோட்டை மறிச்சது ஆர்? ரயிலை மறிச்சது ஆர்? எங்களைப் பட்டினி போட்டுச் சாக்காட்டப் பாத்தது ஆர்?" என்றார் அம்மா.

"அதுக்கு முதல் ஆரிட்டையும் கேக்காமல் புதுக்காசு அடிச்சுக்கொண்டு வந்தது ஆர்? அதை முதலிலை சொல்லுங்கோ," என்றார் ஐயா.

நான் நடுவில் இரண்டு கோப்பைப் பட்டாணி சூப்போடு நின்றேன்.

விஷயம் இதுதான். யுத்தம் முடிந்ததும் வென்ற நாலு நாடுகளும் பேர்லினை நாலாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டன. அம்மா வளர்ந்தது அமெரிக்கர் பங்கில். ஐயா வளர்ந்தது ரஷ்யர் பங்கில். நடந்தே போகக்கூடிய தூரம். மேற்கு நாடுகள் தங்கள் பக்கத்துக்குப் புதுக்காசு கொண்டுவந்தன. ரஷ்யர்கள் கோபத்தில் மேற்குப் பேர்லினுக்கு வரும் ரோடு, ரயில், வாய்க்கால் எல்லாவற்றையும் அடைத்தார்கள். உடனே அமெரிக்கரும் ஆங்கிலேயரும் கிட்டத்தட்ட ஒரு வருடம் மாவையும் நிலக்கரியையும் விமானத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். அப்போது இந்த இருவருக்கும் பத்து வயது. அன்று தொடங்கியதை இன்னும் இவர்கள் விடவில்லை.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் சரித்திரம் அல்ல, என் மனைவி. அவளும் பிள்ளைகளும் எப்போதோ ஜேர்மன் பிரஜைகளாகிவிட்டார்கள். நான் மட்டும் அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை நிரப்பப் பஞ்சிப்பட்டு வருடங்களைக் கடத்தினேன். கடைசியில் அவளே படிவத்தை நிரப்பி, குடியுரிமைப் பரீட்சைக்குத் தெர்மின் என்று நாள், நேரமும் எடுத்து, புத்தகத்தையும் என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் முழுக்க இந்தக் கதைதான். தோளோடு தோள் நின்று சண்டை பிடித்து வென்றவர்கள், வென்ற கையோடு ஏன் ஒருவரையொருவர் முறைக்கத் தொடங்கினார்கள் என்று எத்தனையோ பேர் புத்தகம் எழுதியிருக்கிறார்களாம். நான் அதிகம் மெனக்கெடவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்தை நினைத்தேன், விளங்கிவிட்டது. பழைய தலைவரைப் பதவியிலிருந்து கலைக்கும்வரை இரண்டு அணியும் ஒரே காரில் போய் வந்தன. அவர் போன மறுமாதமே இரண்டு சங்கம், இரண்டு பொங்கல் விழா, ஒரே நாளில் ஒரே நேரத்தில். வடை மட்டும் இரண்டு விழாவுக்கும் ஒரே அக்காவிடமிருந்து வந்தது.

நாலாம் மேசைச் சண்டை ஐந்து மாதம் நடந்தது. சூப்புக்கு ஸ்டாலின், இறைச்சிக்கு அமெரிக்கா, புடிங்குக்கு யார் முதலில் துரோகம் செய்தது என்ற பொதுக் கேள்வி. பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, வேறு மேசைக்கு மாற்றவா என்று கேட்டார். இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "அவர் போகட்டும், நான் எழும்பமாட்டன்." அதனால் அப்படியே விட்டேன்.

அம்மாவுக்கு அந்த விமானங்கள்தான் வாழ்க்கை. கல்யாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பேர்லின் விமானச் சிறுமி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடங்கள் கூப்பிடும், தேவாலயத்தில் கூப்பிடுவார்கள். விமானத்திலிருந்து சின்னப் பரசூட்டில் சொக்கிலேட் விழுந்த கதையைச் சொல்லும்போது இரண்டு கையையும் மேலே நீட்டுவார். தோள்மூட்டு நோ எல்லாம் அந்த நேரம் எங்கே போகும் என்று தெரியாது. பங்குனியில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்து அவருடைய கதையைக் கேட்பதாக ஏற்பாடாகியது. அவர் தலைமயிர் சுருட்டுவதற்கு வியாழக்கிழமைக்குச் சொல்லிவைத்தார்.

புதன்கிழமை நான் வாயை வைத்தேன்.

பரீட்சைப் புத்தகம் போதாமல் நூலகத்தில் ஒரு தடித்த சரித்திரப் புத்தகம் எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பக்கத்தில் இருந்தது: ரோட்டை அடைத்த காலத்தில் ரஷ்யர்கள், மேற்குப் பேர்லின் ஆட்களும் கிழக்குப் பக்கம் வந்து பதிந்தால் பங்கீடு தருவோம் என்றார்கள். கொஞ்சப் பேர் போய்ப் பதிந்தார்கள். பெரும்பாலானோர் போகவில்லை. வாசித்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம், ஏன் எல்லோரும் போகவில்லை என்று. யாழ்ப்பாணத்துக்குச் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் வராமல் அரசாங்கம் மறித்த காலத்தில் எங்கள் அம்மா இரண்டு இடத்தில் பங்கீட்டு அட்டை வைத்திருந்தவர். இந்தப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை, அந்தப் பக்கம் ஒரு சங்கக்கடை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் ஊரில் சொன்னார்கள்.

அதனால் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே நல்ல மனதோடு கேட்டேன். "நீங்களும் கிழக்கிலை பதிஞ்சு சாமான் எடுத்தனீங்களோ அம்மா?"

அவர் கையிலிருந்த கரண்டி கோப்பைக்குள் விழுந்தது. முகம் வெளிறிப் பிறகு சிவந்தது. எழுந்து, தடியைக்கூட எடுக்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து அறைக்குப் போய்விட்டார். ஐயா அவர் போன திசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து மாதமாகச் சண்டை பிடித்த மனிதர் அன்று கோப்பையைத் தள்ளி வைத்தார்.

வியாழக்கிழமை அம்மா அறையை விட்டு வரவில்லை. தலைமயிர் சுருட்ட வந்தவர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். பொறுப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரைந்துவிடும். வீட்டுக்கு ஃபோன் எடுத்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்களுக்குப் பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் கிழவியளை விசாரணை செய்யிறியளே?" என்றாள். "போய்க் காலிலை விழுங்கோ."

போனேன். அம்மா கட்டில் விளிம்பில் இருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்குமுன், "உமக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. புத்தகத்திலை கிடந்தது. எங்கட ஊரிலை எல்லாரும் செய்யிறது. அதாலை கேட்டனான்."

அவர் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார். விமானத்தில் வந்தது காய்ந்த உருளைக்கிழங்குத் தூள். அதைக் கரைத்துக் கொடுத்தால் அவருடைய கைக்குழந்தைத் தம்பி வாந்தியெடுப்பான். அவருடைய தாய் ஒருநாள் போய்க் கிழக்கில் பதிந்துவிட்டார். கிழங்கைத் தள்ளுவண்டியின் அடியில் போட்டு, போர்வை விரித்து, அதன்மேல் தம்பியை இருத்தி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்களாம்.

"அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் கிழங்குக்கு மேலைதான் வளந்தவன்," என்றார். சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது, ஆனால் அவர் உடனே நிறுத்திவிட்டார். "கீழ்வீட்டுக்காரி கண்டுபிடிச்சிட்டாள். கதவிலை துரோகி எண்டு எழுதினவை. அம்மா என்னைச் சத்தியம் பண்ண வைச்சவ. என்ரை மனுசனுக்குக்கூட நான் சொன்னதில்லை. இப்ப மேசையிலை இருக்கிற அந்தாளுக்குத் தெரிஞ்சு போச்சு. பிள்ளையளுக்கு முன்னாலை சொன்னால் நான் எங்கை போய் முகத்தை வைக்கிறது?"

எண்பத்தேழு வயதுக்காரி பத்து வயதுப் பிள்ளையாகப் பயந்துகொண்டிருந்தார். எனக்கு நாக்கை அறுத்து எறியலாம் போலிருந்தது. எங்கள் அம்மாவின் இரண்டு அட்டைக் கதையைச் சொன்னேன்.

"அயலட்டைக்குத் தெரியாதோ?" என்றார்.

"தெரியும். அவையளும் அட்டையோடை எங்கடை சைக்கிளிலைதான் அந்தச் சங்கக்கடைக்கு வந்தவை."

பிள்ளைகள் நாளைக்கு வரட்டும் என்றார். பிறகு சீப்பை எடுத்துத் தரச் சொன்னார்.

அங்கிருந்து நேரே ஐயாவிடம் போனேன். அவர் குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பிக்கொண்டிருந்தார். நாளைக்கு ஒன்றும் சொல்லிவிட வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"பிள்ளையள் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன்," என்றார், தலையை நிமிர்த்தாமலே. "என்னைக் கேளாமல் விடச் சொல்லும்." ஒரு ஜேர்மன்காரனிடம் அதற்குமேல் பேரம் பேச ஏலாது.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். அம்மா சுருட்டாத தலைமயிரோடு மண்டபத்துக்கு வந்து கதிரையில் இருந்தார். ஐயாவும் தன் கைப்பிடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையிலேயே இடம் பிடித்தார். எனக்கு வேர்த்தது. அம்மா விமானச் சத்தத்தைச் சொன்னார், மெழுகுதிரி வெளிச்சத்தைச் சொன்னார், பரசூட்டைச் சொல்லிக் கைகளை நீட்டினார். எல்லாம் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னல் போட்ட ஒரு பெண்பிள்ளை கை உயர்த்தினாள்.

"சொக்கிலேட் மட்டுமோ சாப்பிட்டனீங்கள்?"

அம்மா ஐயாவைப் பார்த்தார். ஐயா தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் யன்னலைத் திறக்கிற பாவனையில் திரும்பி நின்றேன்.

"இல்லை," என்றார் அம்மா. "ரஷ்யன்ரை உருளைக்கிழங்கும் சாப்பிட்டனான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தள்ளுவண்டி, போர்வை, தம்பி, கதவில் எழுதியது, சத்தியம். தம்பி கிழங்குக்கு மேலே இருந்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியைக்குத்தான் எப்படி முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. துரோகி என்ற சொல்லுக்கு ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

ஐயா எழும்பினார். அவர் எழும்புவதற்கு ஒரு நிமிடம் பிடிக்கும், எல்லோரும் காத்திருந்தோம்.

"கிழக்கிலை பங்கீட்டுக் கடை வாசலிலை நாங்கள் பெடியள் கொஞ்சப்பேர் நிக்கிறனாங்கள்," என்றார். "மேற்கிலை இருந்து வாற பொம்பிளையளைக் கண்டால் கத்துவம். எங்கடையைத் திண்ண வந்திட்டினம் எண்டு பனிக்கட்டியும் எறிவம். உங்கட அம்மாவுக்கும் நான் எறிஞ்சிருப்பன். மன்னிக்கவேணும்."

அம்மா தடியை ஊன்றி அவரைப் பார்த்தார். "நீங்கள் கத்தினதிலை என்ன பிழை? நாங்கள் தூக்கிக்கொண்டு போனது உங்கட பங்குதானே."

"சும்மா இருங்கோ," என்றார் ஐயா. "எங்கட வீட்டிலை கிழங்கு மலிஞ்சு கிடந்தது. திண்டு முடிக்க ஏலாமல் கிடந்தது."

பொய் சொல்லமாட்டேன் என்று முதல்நாள் என்னிடம் சொன்ன மனிதர். அவர் இல்லத்துக்கு வந்த அன்று, சாப்பிடாத சாமான்கள் என்ற பகுதியை அவரிடம் கேட்டு நிரப்பியவன் நான். என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது: மாட்டுக்குப் போடுகிற மஞ்சள் முள்ளங்கி வேண்டாம், பத்து வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க வீட்டில் அது மட்டும்தான்.