அடி வாங்கிக்கொண்டே நின்ற எருமைத்தலையன்

போன வருஷம் ஐப்பசி அடைமழையின்போது, போடியில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் மகள் திடீரென்று ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். "லீவும்மா" என்றாள். ஒரு மாதம் ஓடியும் அந்த லீவு முடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், பாதியில் எழுந்து போய்விடுவாள். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வராது. பஸ்ஸில் இறங்கும் இடத்தைச் சத்தமாகச் சொல்லவே கூச்சப்படுகிறவள் நான். பிள்ளை ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயத்தில், அவள் அறைக்கதவு தாழ் போடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் வெகுநாளாக எதிர்பார்த்திருந்த வீடியோ கேம் ஒன்று அந்தச் சமயத்தில் வெளியானது. வாளெடுத்துப் பூதங்களோடு சண்டை போட்டு, ஊர் ஊராகப் போய், நம் ஆளைப் பெரிய வீரனாக வளர்க்கிற விளையாட்டாம். டிவியில் மாட்டி ஆடத் தொடங்கியதும் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மறுநாளே கையிலிருந்த பட்டன் ரிமோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டாள்.

"மொக்க கேமும்மா. ஒரே பட்டனை அமுக்கிட்டே இருக்கணும். எந்தப் பூதம் வந்தாலும் அடி வாங்கிக்கிட்டே நிக்குது. தூக்கந்தான் வருது."

இதுவும் போச்சே என்று ஆகிவிட்டது. "எங்கிட்டக் குடுத்தா, நான் அமுக்குறேன்" என்று எப்படிச் சொன்னேனோ தெரியாது.

என் வீரன் நேராகப் போய்ச் சுவரை வெட்டினான்.

"யம்மா, செவரு உன்னைய என்ன செஞ்சுச்சு? இங்கிட்டுத் திரும்பு!"

"சொன்னாக் கேக்க மாட்டேங்கிறான்த்தா. உங்கப்பன் மாதிரியே இருக்கான்."

சிரித்துவிட்டாள். அதன்பிறகு ஏலக்காய்க் கடை வேலை முடிந்து வந்ததும் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒருநாள் எருமைத்தலைப் பூதம் ஒன்று வந்தது. அடிக்கிறேன், அடிக்கிறேன், அசையாமல் நிற்கிறது. பக்கத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"ம்மா, நான் லீவுல வரல. வேலைய விட்டுட்டேன்."

நான் திரும்பவில்லை. ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிறவள் நான். சுளகில், அதாவது முறத்தில், காயைப் பரப்பி, பச்சை, வெடித்தது, கறுத்தது என்று ஒதுக்கும் வேலை. கை அது பாட்டுக்கு ஓடும், வாய் சும்மா இருக்கும். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் அங்கேதான் சொல்வார்கள். அப்போது யாரும் சுளகிலிருந்து கண்ணை எடுக்க மாட்டோம். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் சொல்கிறவள் நிறுத்திவிடுவாள்.

எனவே பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

"ஒரு ஃபைலைத் தப்பா அனுப்பிட்டேன். எல்லாரையும் வச்சுக்கிட்டு மேனேஜரு, இவளுக்கெல்லாம் யாரு வேல குடுத்ததுன்னு கேட்டாக. எந்திருச்சு வந்துட்டேன். பஸ் ஏறுறப்ப, வீட்டுக்கே வராம எங்கிட்டாச்சும் போயிரலாமான்னு இருந்துச்சும்மா. அப்பா ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிவச்சிருக்காக..."

எருமைத்தலையன் எனக்குக் கலங்கலாகத் தெரிந்தான். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்த்தா. இந்தா, இவன் ஒருவழியாச் செத்துட்டான். அடுத்து எங்கிட்டுப் போகணும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பாலத்தைத் தாண்டி வலது பக்கம்மா" என்றாள்.

அன்று சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் அப்பாவிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த பருத்திப்பால் வாங்கி வந்தார். தை பிறப்பதற்குள் அவளே தோழிகளிடம் பேசி, மதுரையில் வேறு வேலை தேடிக்கொண்டாள்.

அந்த விளையாட்டை நாங்கள் முடிக்கவே இல்லை. யாரும் அதை வாங்கிவிடாதீர்கள் என்றுதான் அவள் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறாள். எனக்கு மட்டும் அதன்மேல் ஒரு குறையும் கிடையாது. என் பிள்ளை பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பூதம் சாகாமல் நின்றதே, அதை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.