போட்டோ பாஸ் கேட்கப் போனேன்

கல்லூரி அலுவலகத்தில் முப்பது வருடம் அட்மிஷன் ஃபாரம் சரிபார்த்தவளுக்கு யாரையும் நம்பத் தெரியாது. ஓய்வு பெற்றபின் ஞாயிறு தோறும் மாட்டுங்காவிலிருந்து தாராவிக்குப் போய், ஒரு சின்ன ஹாலில் உட்கார்ந்து, கல்லூரி விண்ணப்பமும் கட்டணச் சலுகை விண்ணப்பமும் நிரப்பிக் கொடுக்கிறேன். சேவை என்பார்கள். எனக்கென்னவோ எதிரில் உட்காரும் ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள் என்றே தோன்றும். ஒரு வருடம், அழாத குறையாகப் பேசிய ஓர் அப்பாவுக்காக அலையாய் அலைந்து சலுகை வாங்கிக் கொடுத்தேன். சான்பாடாவில் அவருக்குச் சொந்த ஃப்ளாட் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அப்பாவுக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. பெண் பன்னிரண்டாவது முடித்து நுழைவுத் தேர்விலும் நல்ல மார்க். இன்ஜினியரிங் சேர ஆசை. ஒரே சிக்கல், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மாவை ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதனால் பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி. மூன்று மாதக் குழந்தையிலிருந்து தாராவியில் வளர்ந்தவள் ஃபாரத்தில் வெளிமாநிலத்தவள். இங்கேதான் குடியிருக்கிறாள் என்று டொமிசைல் சான்றிதழ் வாங்காவிட்டால் சலுகை கிடையாது. சலுகை இல்லையென்றால் அந்த வீட்டில் படிப்பே கிடையாது. தாய்வீட்டுப் பிரசவத்தால் இப்படி வருடாவருடம் யாராவது ஒரு பெண் மாட்டுகிறாள்.

பள்ளிச் சான்றிதழோடு வீட்டுக்குப் பழைய ஆதாரம் ஒன்றும் வேண்டும். அவர்களிடம் இருக்கக் கூடியது போட்டோ பாஸ்தான். குடிசைக்குச் சர்க்கார் கொடுத்த, குடும்பத் தலைவர் படம் ஒட்டிய அட்டை. அம்மா பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தாள், அதைத் தவிர.

நான் வழக்கம்போல் ரேஷன் கார்டை விரித்து வைத்து மொபைலில் படம் எடுத்தேன். அவள் முகம் மாறிவிட்டது.

"எதுக்கு எடுக்கீங்க?"

"அப்லோட் பண்ணத்தான். போட்டோ பாஸ் எங்கே?"

"அது இல்ல மேடம்."

"தொலைஞ்சு போச்சா? இல்ல, வேற எங்கயாவது ரூம் இருக்கா? வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

அவள் கார்டை என் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனாள். இதுவும் சான்பாடா கேஸ்தான் என்று எனக்குள் முடிவு கட்டினேன்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. செவ்வாய்க்குள் மனுப் போடாவிட்டால் சேர்க்கைக்குள் சான்றிதழ் கைக்கு வராது. கோபம் ஒரு பக்கம், அந்தப் பெண்ணின் மார்க் ஒரு பக்கம். விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். அம்மா சேலைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"போன மாசம் ஒருத்தன் வந்தான் மேடம். குடிசைய இடிச்சிட்டு சர்க்கார்ல புது வீடு தருவாங்கன்னு சொல்லி, இந்த லைன்ல எல்லார் பேப்பரையும் இப்படித்தான் மொபைல்ல எடுத்தான். எதுக்கு எடுத்தான், யாருட்ட குடுத்தான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியல. அந்த அட்டை போச்சுன்னா எங்களுக்கு வீடு போச்சு. நீங்க அவன் ஆளு இல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சுருக்கென்றது. சந்தேகப்படுவது என் வேலை. என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. "உங்க பொண்ணுக்காக இந்த வெயில்ல அலையறேன், என்னையா கேக்கறீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவள் அசரவில்லை. "அப்பம் ஒங்க ஆதார் கார்டத் தாங்க. நானும் ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்."

ஆதார் என் கைப்பையில்தான் இருந்தது. "கொண்டு வரலை" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இதை வைத்து இவள் என்ன செய்வாள், யாரிடம் கொடுப்பாள், பேங்கில் ஏதாவது ஆகிவிடுமோ என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. அவள் என் கைப்பையைப் பார்த்தாள். நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுக்காரங்களும் அட்டை இல்லன்னுதான் சொல்லச் சொன்னாங்க" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. கார்டை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து, எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மகளிடம் காட்டிச் சரிபார்த்தாள். பிறகுதான் எழுந்து அரிசி டின்னுக்குள் கைவிட்டு போட்டோ பாஸை எடுத்தாள். நான் படம் எடுத்து முடிக்கும்வரை அதன் ஓரத்தை அவள் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து மனுவைப் போட்டோம்.

இடமும் கிடைத்தது, சலுகையும் கிடைத்தது. போன வாரம் சயான் ஸ்டேஷனில் அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கிளாஸ், புரொபசர், லேப் என்று மூச்சு விடாமல் பேசினாள். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அம்மா என் ஆதார் போட்டோவை அழிச்சிட்டாங்களா?"

"இல்ல மேடம். புது வீடு கைக்கு வர வரைக்கும் அழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

சரி என்று தலையாட்டினேன். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு மொபைலைத் திறந்து பார்த்தேன். அவர்களுடைய போட்டோ பாஸ் என்னிடமும் அப்படியே இருந்தது.