கருகலம்மா

அம்மா தக்காளி நாற்று வளர்த்து விற்றாள். வீட்டுக்குப் பின்னால் பச்சை வலை போட்ட குடில். முப்பத்தொரு வருடம். தினமும் ஒவ்வொரு நாற்றுத் தட்டையும் பார்ப்பாள். இளசு முதலில், மூத்தது கடைசியில். மூத்ததைத் தொட்ட கையால் இளசைத் தொடமாட்டாள். "பெருசோட வியாதிய பிஞ்சுக்கு ஏன் கொடுக்கணும்?" என்பாள். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவள் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

பயிர்நோய் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கருகல் நோய் என் பிரிவு. இலையில் நீர் கோத்தது போல் ஒரு புள்ளி விழும். ஈரம் இருந்தால் ஒரு வாரத்தில் செடி வெந்து கறுத்துவிடும். எங்கள் அறிக்கைகளில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். எங்கள் தெருவில் அதற்கு வேலை அதிகம். ஓடாத கடை கருகல். தட்டிப்போன கல்யாணம் கருகல். கால் வைத்த இடம் விளங்காத ஆளும் கருகல்தான்.

பதினொரு வருடம் முன்பு ஒரு மழைநாள். நோய் விழுந்த தோட்டமொன்றில் மாதிரி இலைகள் பறித்துவிட்டு, பசி தாங்காமல் நேரே அம்மாவிடம் போனேன். செருப்பைக் கழற்றினேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சட்டையை மாற்றவில்லை. அந்த ஈரச் சட்டையோடு தட்டுகளின் மேல் குனிந்து கதை பேசிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் அம்மா போன் செய்தாள். "கண்ணு, இலைக்கு அடியில வெள்ளையா பூத்திருக்கு. வந்து பாரு."

இலையை எடுத்துப் போய் ஆய்வகத்தில் ஒப்பிட்டேன். அந்தத் தோட்டத்தில் இருந்த அதே கிருமி ரகம்தான்.

"நான்தாம்மா கொண்டுவந்தேன்."

"தெரியும். வாய மூடிக்கிட்டு இரு. நோய் பாக்குறவ கையாலயே நோய் வந்துச்சுன்னு தெரிஞ்சா உன்னை வேலையில வச்சிருப்பாங்களா?"

அதற்குள் பன்னிரண்டு தோட்டங்களுக்கு நாற்று போயிருந்தது. அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு பன்னிரண்டுக்கும் போனாள். "என் கவனக்குறைவுதான். பிடுங்கிடுங்க." பல வருடமாக அவளிடம் நாற்று வாங்கிய மீசைக்காரர் கத்தினார்: "நீ நாத்துக்காரம்மா இல்ல, கருகலம்மா!"

பெயர் ஒட்டிக்கொண்டது. நாற்று வாங்கியவர்களில் பாதிப் பேர் வேறிடம் போனார்கள். போனை எடுத்தால் அவளே, "கருகலம்மா பேசுறேன், சொல்லுங்க" என்று சிரிப்பாள். வைத்ததும் பூவாளியை எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போய்விடுவாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் அம்மா இறந்தாள். குடிலில், மூன்றாம் வரிசையில், கையில் பூவாளியோடு.

மீசைக்காரர் துக்கம் கேட்க வந்தார். "நல்ல மனுஷி, பாப்பா. அந்த ஒரு தப்பு மட்டும் பண்ணாம இருந்திருந்தா..."

"அது அவங்க பண்ணல மாமா. நான் பண்ணது." சட்டை முதல் ரகம் வரை எல்லாம் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எத்தனை தடவை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லலியே அவ." பிறகு, "எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? காலைல சந்தைக்கு வா. எல்லாரும் இருப்பாங்க."

மறுநாள் காலை கிளம்புமுன் ஆய்வகத் தலைவருக்கு நடந்ததை எழுதி அனுப்பினேன். சந்தையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று சொன்னேன். மீசைக்காரர் பக்கத்திலேயே நின்றார். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி கடைசியில் கேட்டாள்: "அப்ப இனிமே உன்னைத்தான் கருகல்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடுங்கக்கா. அம்மாவ மட்டும் நாத்துக்காரம்மான்னு சொல்லுங்க."