அப்பாவின் வயிற்றில் கரையாத மருந்து

ஒன்றரை மாதத்துக்கு முன்பு ஒரு காலை. பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் செல்வி அக்கா துணி உலர்த்திக்கொண்டே கேட்டார்.

“ஏம்மா, உங்கப்பா இன்னும் கொழந்தையத் தூக்கலியாமே? பொண்ணா பொறந்துடுச்சின்னு வருத்தமா?”

“அதெல்லாம் இல்லக்கா. ஷிப்ட் போயிட்டு டயர்டா வராரு.”

“மூணு மாசமாவா டயர்டு?”

 அதே கேள்வி எனக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பாப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா வாசலில்தான் நின்றார். நான் நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். எட்டி நின்று பார்த்தார், சிரித்தார், நகர்ந்துவிட்டார். மூன்று மாதமாக அதே தூரம்... அதே சிரிப்பு.

இவரா பெண் பிறந்ததற்கு வருந்துவார்? எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னை அங்கே சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் இவர்தான். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கேள்வி போகவில்லை.

நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உங்கிட்ட சொல்லாதன்னாரு. இடுப்ப சுத்தி படை வந்துகீது. ஆறு மாசமாச்சி. கொழந்தைக்கு ஒட்டிக்குமோன்னு பயந்துகினு நிக்கிறாரு.”

படர்தாமரை! சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் வேலை. வெயில், வியர்வை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய பெல்ட், கரித்தூள். அங்கே பலருக்கும் வருவதுதான். எனக்குத் தெரியாமல் தனி சோப்பு, தனித் துண்டு, தனிப் பாய் என்று ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறார். நான்தான் கவனிக்கவில்லை.

மதியம் ஷிப்ட் முடிந்து வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

“மருந்து சாப்புடுறியாப்பா?”

“ரெண்டு டாக்டரு பாத்தாச்சிம்மா. ரெண்டு பேரும் ஒரே கேப்ஸ்யூல்தான் குடுத்தாங்க. ரெண்டாவது ஆளு, நீ ஒழுங்கா முழுங்கறது இல்லன்னு சொல்லிட்டாரு.”

“முழுங்கலயா?”

“ஒரு வேள வுட்டதில்ல. உங்கம்மா வுடுவாளா?” குரல் தாழ்ந்தது. “அது போவாதும்மா. பாப்பாவுக்கு ஒரு வயசு ஆவட்டும். தோலு கெட்டிப்படும். அப்ப தூக்கிக்கிறேன்.”

ஒரு வயதில் அவள் புதுச்சேரியில் என்னோடும் என் கணவரோடும் இருப்பாள். விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியிருப்பேன். அவள் குழந்தையாக இருக்கும் இந்த நாட்களை இவர் தொடாமலேயே கடந்துவிடப் போகிறார். அது அவருக்கும் தெரியும்.

பழைய வாசகர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி — ஒரு மருந்து கம்பெனியின் லேபில், மாத்திரை எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வருமா?

மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து அம்மாவைக் கவனித்தேன். அவளுக்கு எழுத்து தெரியாது. பிஸ்கட் டப்பாவில் இருக்கும் மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் எடுப்பாள். முதலில் வெந்நீரும் ஒரு கேஸ் மாத்திரையும். அரை மணி கழித்து மூன்று தோசை. தோசை முடிந்ததும் கேப்ஸ்யூல். கடிகாரம் தோற்றுப்போகும்.

எல்லாம் சரியாகத்தான்... ஒரு நிமிஷம்.

“ம்மா, அந்த கேஸ் மாத்திரை எதுக்கு?”

“எதுக்கா? தெனமும் போடறதுதான.”

“தெனமுமா? டாக்டருங்ககிட்ட சொன்னீங்களா?”

“வேற என்ன மாத்திர போடறன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னேன்” என்றார் அப்பா, தோசையைப் பிட்டபடி.

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பிளாக்கில் எந்த வீட்டில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். ஷிப்ட் மாறும்போதெல்லாம் சாப்பாட்டு நேரமும் மாறும், நெஞ்சு எரியும். பல் துலக்குவது போல கேஸ் மாத்திரையும் ஒரு காலைக் கடன். அதைப் போய் யாராவது மருந்து என்பார்களா?

“யாரு தெனமும் போடச் சொன்னது?” எனக்குக் குரல் உயர்ந்தது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான்.”

நானா?

நான்தான். காலேஜ் இரண்டாம் வருடம். அப்பா முதுகு வலி மாத்திரை சாப்பிட்டு வயிறு எரிந்து துடித்தார். அப்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இனிமே எந்த மாத்திரை போட்டாலும் காலையில வெறும் வயித்துல முதல்ல இதைப் போடணும்’ என்று உத்தரவு போட்டேன். என்ன ஒரு கர்வம்! முதுகு வலி ஒரு மாதத்தில் போய்விட்டது. உத்தரவு மட்டும் போகவே இல்லை.

“அது அந்த வலி மாத்திரைக்கும்மா... இத்தன வருசமாவா?”

“நிறுத்துன்னு நீ சொல்லலியே.”

ஸ்டவ் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அப்பா சாப்பிடும் மருந்து லேசான காரத் தன்மை கொண்டது. அமிலத்தில்தான் கரையும். வயிற்றில் அமிலம் இருக்கிறது, கரைகிறது. அடுத்து சிறுகுடல். அங்கே அமிலம் இல்லை. கரைந்த மருந்து மறுபடி திரிந்து தூளாக மாறப் பார்க்கும். அதற்குள் குடல் அதை இழுத்து ரத்தத்தில் சேர்த்துவிட வேண்டும். லேபில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! தெளிந்த நீர் போல இருக்கும் கரைசல், குடல்நீரைப் போலச் செய்த திரவத்தை ஊற்றியதும் பால் போலக் கலங்கும். கண்ணாடிக் குவளைக்கு இழுத்துக்கொள்ளத் தெரியாது. குடலுக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் முடிந்ததைப் பிடித்து உள்ளே அனுப்பிவிடும்.

ஆனால் வயிற்றிலேயே கரையாமல் வந்தால்? கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைத்துவிட்டது. மருந்தில் பெரும்பகுதி தூளாகவே குடலுக்குப் போய், தூளாகவே வெளியேறியிருக்கிறது.

இதைப் பாதி சொல்லிவிட்டு மீதியை அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் திணற, அவரே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“அப்ப உடைக்காத கரி மாதிரி. பெல்ட்டுல கட்டி கட்டியா ஓடும். பாக்கறவனுக்கு கரி போய்கினுதான் இருக்கும். பாய்லருக்கு உதவாது.”

இதை விளக்க நான் ஒரு முழு ஆய்வறிக்கை எழுதியிருக்கிறேன்!

அன்றே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிஸ்கட் டப்பாவையும் கையோடு கொண்டுபோனோம். அவர் விசாரித்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்பாவுக்கு கேஸ் மாத்திரை இப்போது தேவையில்லை என்று நிறுத்தினார். அதே கேப்ஸ்யூல், வயிறு நிறையச் சாப்பிட்டதும். (உங்கள் வீட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் டப்பாவையும் டாக்டரிடம் காட்டுங்கள்... அதுதான் நான் கேட்பது.)

வரும் வழியில் அழுதேன். “என்னாலதான்ப்பா.”

“என்னா உன்னால? அன்னிக்கு எரிஞ்ச வயிறு அப்புறம் எரிஞ்சிச்சா? அதுவும் உன்னாலதான்.”

இப்படி ஒருவர் அப்பாவாக வாய்த்தால் எதற்குத்தான் நன்றி சொல்வது? ஒரு பெண்ணின் அரைகுறைப் படிப்பை இத்தனை வருடம் ஒரு நாள் தவறாமல் நம்பியிருக்கிறார்கள், இரண்டு பேரும். படித்தவர்களுக்கு வரும் ஆபத்தே இதுதான் — போடு என்று சொல்வதில் இருக்கும் சுறுசுறுப்பு, போதும் என்று சொல்வதில் இருப்பதில்லை.

ஆறு வாரம். அதே அம்மா, அதே டப்பா, அதே கடிகாரம். படை முதலில் நிறம் மங்கியது, பிறகு ஓரம் உதிர்ந்தது, பிறகு காணோம். போன சனிக்கிழமை டாக்டர் பார்த்துவிட்டு, “பேத்தியத் தாராளமா தூக்குங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, புதுத் துண்டு போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் முன்னால் வந்தன.  பாப்பா அவர் மூக்கைப் பிடித்து, பல் இல்லாத வாயால் கடித்துப் பார்த்தாள். பக்கத்து வாசலிலிருந்து செல்வி அக்கா, “பார்றா... தாத்தாவுக்கு டயர்டு போயிடுச்சி!” என்று கத்தினார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. அவள் தூங்கியும் அவர் மடியை விட்டு இறக்கவில்லை.

“போதும்ப்பா. கை மரத்துப்போவும். பாய்ல போடு.”

அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தூக்குன்னுதான் டாக்டரு சொன்னாரு. நிறுத்துன்னு சொல்லலியே.”